முதல் ஆட்டமும் பதிவேடும்: இங்கிலாந்தின் கால்பந்தாட்ட நினைவெழுத்து குறித்து

குழந்தைப் பருவ நினைவுகளுள் பெரும்பாலானவை சரிபார்க்க இயலாதவை. ஒரு கோடை விடுமுறை, ஒரு தேர்த்திருவிழா, உறவினர் வீட்டில் கழிந்த ஓர் இரவு ஆகியவற்றை நினைவுகூர்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அவர் சொல்வது நடந்ததுதானா, நடந்த முறை அதுதானா என்பதைத் தீர்மானிக்க உதவும் ஆவணம் வழக்கமாக இருப்பதில்லை. உடனிருந்த பெரியவர்கள் மறைந்தபின் அந்த நினைவு தனக்குத் தானே சாட்சியாகிவிடுகிறது. இங்கிலாந்தின் 20ஆம் நூற்றாண்டுத் தன்வரலாற்று எழுத்தில் பரவலாகக் காணப்படும் ஒரு நினைவு வகை இதற்கு விலக்காக நிற்கிறது. தந்தையோ பாட்டனாரோ மாமனோ கைபிடித்து அழைத்துச் செல்ல, ஒரு சிறுவன் முதன்முதலாகக் கால்பந்தாட்டம் ஒன்றை மைதானத்திலேயே பார்த்த நினைவு அது. 1888 ஏப்ரலில் வில்லியம் மெக்கிரகர் என்பவரின் முயற்சியால் 12 கழகங்கள் இணைந்து கால்பந்து லீக் என்னும் தொடர்போட்டி அமைப்பை உருவாக்கி, அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று ஆட்டங்களைத் தொடங்கிய காலம் முதல், அத்தொடரில் நடந்த ஒவ்வோர் ஆட்டத்தின் நாளும் இடமும் எதிரணியும் கோல் கணக்கும் நாளிதழ்களிலும் ஆண்டு மலர்களிலும் பதிவாகியுள்ளன. ஆகையால், நாற்பது ஆண்டு கழித்து ஒருவர் தம் முதல் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது, அவருடைய நினைவுக்கு அருகில் ஒரு பதிவேட்டை வைத்துப் பார்க்கும் அரிய வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிட்டுகிறது.

அவ்வாறு வைத்துப் பார்க்கும்போது பொதுவாகத் தெரியவருவது, நினைவு ஆட்டத்தைத் தவறவிடுகிறது என்பதும் கூட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது என்பதும் ஆகும். யார் கோல் அடித்தார், எந்த நிமிடத்தில் அடித்தார் என்பவற்றில் தடுமாறும் அதே எழுத்து, முன்வரிசையில் நின்றவரின் மேலங்கி நாற்றத்தையும், தந்தை அதுவரை வீட்டில் பயன்படுத்தியிராத வசைச்சொல் ஒன்றை அயலாரோடு சேர்ந்து உரக்கச் சொன்னதையும் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கிறது. பதிவேட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. முதல் ஆட்ட நினைவு என்பது விளையாட்டு வரலாற்றின் பலவீனமான சான்று என்று ஒதுக்கப்படுவதுண்டு. பதிவேடு எழுதாமல் விட்ட பகுதிக்கு அதுவே முதன்மைச் சான்று என்பதும், அந்தப் பகுதி காலத்தோடு எவ்வாறு மாறியது என்பதை அறிவதற்கும் அதுவே வழி என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

இந்நினைவு வகைக்கு ஒரு கிழமையும் ஒரு நேரமும் உண்டு. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யலாகாது என விதித்தது. ஆலை அவர்களின்றி ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் ஓய்வு படிப்படியாக வாய்த்தது. பிற தொழில்களும் காலப்போக்கில் அதைப் பின்பற்றின. ஞாயிற்றுக்கிழமை சமய ஒழுங்கின்படி விளையாட்டுக்கு மூடப்பட்டிருந்த நாட்டில், சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்பது கால்பந்தாட்டத்தின் நேரமாக நிலைபெற்றதற்கு இது அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. வாரம் முழுவதும் ஆலையிலோ சுரங்கத்திலோ துறைமுகத்திலோ இருந்து, குழந்தை உறங்கியபின் வீடு திரும்பிய தந்தை, தம் சக தொழிலாளரிடையே எப்படிப் பேசுகிறார், எப்படிச் சிரிக்கிறார், எதற்குச் சினம் கொள்கிறார் என்பதைப் பிள்ளை காண நேர்ந்த பொது இடம் பெரும்பாலும் இந்த மைதானமாகவே இருந்தது. எல். எஸ். லௌரி 1953இல் தீட்டிய, போல்டன் நகரின் பர்ண்டன் பார்க் மைதானத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தில், குனிந்த உருவங்கள் நாற்புறமிருந்தும் மைதானத்தை நோக்கி நடந்துகொண்டே இருக்கின்றன. ஆட்டம் அதன் கருப்பொருளாகவே இல்லை. ஆட்டத்துக்குச் செல்வதே நிகழ்ச்சி என்பதை அவ்வோவியர் கண்டிருந்தார்.

நினைவுக்கும் பதிவேட்டுக்கும் உள்ள உறவை மிகுந்த நேர்மையோடு ஆராய்ந்த நூலாக நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' என்னும் தன்வரலாற்றைக் குறிப்பிட வேண்டும். 1992இல் வெளிவந்த அந்நூல், தலைப்புகளாக ஆட்டங்களையும் அவற்றின் நாள்களையும் வைத்து, ஒரு வாழ்க்கையை ஆட்ட அட்டவணையின் வரிசையில் சொல்கிறது. அதன் முதல் ஆட்டம், 1968 செப்டம்பர் 14 அன்று வட லண்டனின் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் கழகத்துக்கும் ஸ்டோக் சிட்டி கழகத்துக்கும் நடந்தது. ஆர்சனல் 1-0 என வென்றது. பெனால்டி உதை, அதாவது தண்டனைப் பகுதிக்குள் நேர்ந்த விதிமீறலுக்காகக் கோல்காப்பாளர் ஒருவரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கத் தரப்படும் உதை, ஆர்சனலுக்குக் கிடைத்தது. டெர்ரி நீல் அடித்த பந்தைக் கோல்காப்பாளர் தடுத்துவிட, அது அவர் காலடிக்கே திரும்பிவர, மீண்டும் அடித்துக் கோலாக்கினார். தடுத்தவர் 1966இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் கோல்காப்பாளரான கார்டன் பேங்க்ஸ்.

பதினோரு வயதுச் சிறுவன் உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர் ஒருவர் பெனால்டியைத் தடுப்பதை நேரில் பார்த்திருக்கிறான். எழுத்தாளர் எவருக்கும் இது கிடைத்தற்கரிய தொடக்கம். ஹார்ன்பி அதனை எழுதியபின் உடனே தாமே மறுத்துவிடுகிறார். நடுவரின் கையசைப்பும் அடித்தவரின் ஓட்டமும் கோல்காப்பாளரின் பாய்ச்சலும் கொண்ட அந்தக் காட்சி, பின்னாளில் பார்த்த இதுபோன்ற பல நிகழ்ச்சிகளிலிருந்து கட்டியெழுப்பப்பட்டது என்றும், அன்று தாம் உண்மையில் கண்டது விளங்காத நிகழ்வுகளின் ஒரு தொடரையும் அதன் முடிவில் சுற்றியிருந்தோர் எழுந்து கத்தியதையும் மட்டுமே என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். மாறாக, புகையிலைப் புகையும் கெட்ட வார்த்தைகளும் நிறைந்த அந்த ஆண்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு ஐயமே எழுவதில்லை. பணம் கொடுத்து வந்த அந்த ஆண்கள் அங்கு இருப்பதை வெறுத்தவர்களாகவே காணப்பட்டனர் என்பதும், இன்பத்துக்காக வந்த இடத்தில் மனிதர் இப்படித் துன்புறுவதை அதற்குமுன் தாம் பார்த்ததில்லை என்பதும் அவரது முதன்மையான பதிவு. பெற்றோர் பிரிந்திருந்த காலம் அது. வேறு வீட்டில் வாழ்ந்த தந்தையும் மகனும் சந்திக்கும் பிற்பகல்களில் பேச ஒன்றுமின்றித் தவித்த நிலையில், பேசுவதற்கு ஒரு பொருளையும், பேசாதிருந்தால் உறுத்தாத ஒரு மௌனத்தையும் மைதானம் அவர்களுக்கு வழங்கியது. இந்த உண்மையை எந்த ஆட்டப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியும்?

நினைவு இவ்வாறு பின்னாளைய அறிவைக் கொண்டு கட்டப்படுகிறது என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட கருத்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவுகூர்தல் பற்றிய நூலில், நினைவு என்பது அடுக்கி வைத்த பழம்பொருளை எடுத்துத் தருவதன்று, கைவசமுள்ள அறிவையும் மனப்பாங்கையும் கொண்டு ஒவ்வொரு முறையும் மறுபடி ஆக்கப்படுவது என்று காட்டினார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமையே விளையாட்டிலிருந்து வந்தது: விரைவான ஆட்டத்தில் பந்தை அடிப்பவர் முற்றிலும் புதிதான ஒன்றையும் செய்வதில்லை, பழையதை அப்படியே திரும்பவும் செய்வதில்லை. ஆட்டம் பார்த்தவரின் கண்ணும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவில் ஆடப்படும் வேறு வகைக் கால்பந்தாட்டமொன்றில், 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரி அணிகள் முரட்டுத்தனமாக மோதிக்கொண்டபின், ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்னும் இருவர் ஒரே திரைப்படச் சுருளை இரு கல்லூரி மாணவருக்கும் காட்டி, எத்தனை விதிமீறல்கள் நடந்தன என்று எண்ணச் சொன்னார்கள். எண்ணிக்கைகள் ஒத்துப்போகவில்லை. 1954இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரியவர்களே படம் ஓடும்போதே தத்தம் பக்கத்து ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றால், பெரியவர் தோள்களின் இடுக்கு வழியே பார்த்த எட்டு வயதுப் பிள்ளையின் கோல் வருணனையை அளவுகோலாகக் கொள்வது முறையாகாது.

கட்டுமானப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்கலாம். அன்று மாலையே அச்சாகித் தெருமுனையில் விற்ற விளையாட்டு இதழ்கள் பெரிய நகரங்களில் இருந்தன. ஷெஃபீல்டில் பச்சைத் தாளிலும் மான்செஸ்டரில் இளஞ்சிவப்புத் தாளிலும் அவை வந்தன. பார்த்த ஆட்டத்தைச் சில மணி நேரத்திற்குள் அச்சில் படித்த பிள்ளையின் மனத்தில், கண்டதும் படித்ததும் அன்றிரவே கலந்துவிட்டன. மைதான வாயிலில் விற்ற புரோகிராம் என்னும் மெல்லிய கையேடு இன்னொன்று. இரு அணி வீரர்களின் பெயர்களும் கழகச் செய்திகளும் கொண்ட அது ஆட்டத்தைப் புரிந்துகொள்ளவும் தேவைப்பட்டது. இடைவேளையில் மைதானத்தின் ஓரத்துப் பலகையில் பிற ஊர் ஆட்டங்களின் கணக்கை எழுதுவார்கள். ஆனால் ஊர்ப்பெயர் இராது, ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்து மட்டுமே இருக்கும். எந்த எழுத்து எந்த ஆட்டத்தைக் குறிக்கும் என்பது புரோகிராமில்தான் அச்சிடப்பட்டிருக்கும். வாங்காதவர் அடுத்தவரைக் கேட்டாக வேண்டும். இந்தச் சிறு வணிக உத்தி, அறிமுகமற்ற பெரியவரிடம் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்டு மறுமொழி பெறுவதற்கு வழிசெய்தது என்பதைக் கழகங்கள் எண்ணியிருக்க மாட்டா. அலமாரியில் தங்கிவிட்ட அந்தக் கையேட்டைப் பிற்காலத்தில் புரட்டியே பலர் தம் முதல் ஆட்டத்தின் நாளை உறுதிசெய்துகொள்கிறார்கள்.

1960களில் பிள்ளைகளாக இருந்தோரின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி, புல்லின் பச்சை நிறம். இருண்ட படிக்கட்டு வழியே ஏறி மேலே வந்ததும் கண்ணில் அறைந்த அந்தப் பச்சையைப் பலர் தனித்தனியே எழுதியிருப்பதால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய மரபுத்தொடர் என்று இதைச் சிலர் கருதக்கூடும். இதற்குப் பருப்பொருளான ஒரு காரணம் உண்டு. பிபிசியின் 'மேட்ச் ஆஃப் த டே' என்னும் வாராந்தரத் தொகுப்பு 1964 ஆகஸ்ட் 22 அன்று, லிவர்பூல் ஆர்சனலை 3-2 என வென்ற ஆட்டத்தோடு தொடங்கியது. முதன்மை அலைவரிசையில் வண்ண ஒளிபரப்பு 1969 நவம்பரில்தான் வந்தது. அதன்பின்னும் பல ஆண்டுகள் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்தன. கால்பந்தாட்டம் என்றால் சாம்பல் நிறமானது என்று அறிந்திருந்த ஒரே தலைமுறை அது. அதற்கு முந்தைய தலைமுறை ஆட்டத்தைத் திரையில் வழக்கமாகப் பார்த்ததில்லை. பிந்தைய தலைமுறை வண்ணத்திலேயே பார்த்தது. எனவே பச்சை நிறத்தின் அதிர்ச்சி என்பது குழந்தைமையின் பொதுக்குணமாகச் சொல்லத்தக்கதன்று. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்கால வரலாற்றுச் சூழலுக்கு உரியது.

கூட்டத்தைப் பற்றிய நினைவுகளைப் புரிந்துகொள்ள டெரஸ் என்னும் அமைப்பை அறிய வேண்டும். இருக்கையின்றி நின்று பார்ப்பதற்காகச் சரிவில் அமைந்த படிகளே டெரஸ். தொடக்கத்தில் மண்ணும் கரிக்கழிவும் கொட்டிய மேடுகளாக இருந்து, பின்னர்க் கற்காரைப் படிகளாயின. கூட்டம் ஒரே அலையாகச் சரியாதிருக்க இடையிடையே இரும்புத் தடுப்புகள் நிறுத்தப்பட்டன. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 1906இல் எழுந்த மேடைக்கும், அதுபோன்ற வேறு பல மேடைகளுக்கும், தென்னாப்பிரிக்கப் போரில் 1900 ஜனவரியில் பிரித்தானியப் படை பெரும் இழப்புக்கு உள்ளான ஸ்பியான் காப் குன்றின் பெயர் இடப்பட்டது. அந்தக் குன்றின் போரில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவருள், காந்தி திரட்டிய நேட்டால் இந்தியர் மருத்துவத் தொண்டர் படையினர் இருந்தனர் என்பதும், அப்படையில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள் என்பதும், நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் மிகப் பலர் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் என்பதும் தமிழ் வாசகர் இவ்விடத்தில் நினைவில் கொள்ளத்தக்கவை. ஆன்ஃபீல்டின் நினைவெழுத்தில் அவர்களுக்கு இடமில்லை.

டெரஸில் பிள்ளையின் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதே அடிப்படைச் சிக்கல். சில தந்தையர் வீட்டிலிருந்து முக்காலியோ மரப்பெட்டியோ கொண்டுவந்து அதன்மேல் நிறுத்தினார்கள். டர்ன்ஸ்டைல் எனப்படும், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சுழல் இரும்பு வாயிலில், பிள்ளையைத் தூக்கி மறுபுறம் இறக்கிக் கட்டணமின்றி உள்ளே விடுவதை வாயிற்காப்போர் கண்டும் காணாமல் இருந்தனர். இவற்றைவிட வியப்பானது, கூட்டம் நெருங்கியதும் பிள்ளைகளைத் தலைக்குமேல் தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி, அறிமுகமற்ற நூற்றுக்கணக்கானோர் வழியாக முன்வரிசைக்கு அனுப்பிவைத்த வழக்கம். ஆடுகளத்தின் ஓரத்துத் தாழ்சுவரருகே அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். ஆட்டம் முடிந்ததும் தந்தை அங்கு வந்து அழைத்துச் செல்வார். இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளாக இருந்த பலரின் நினைவில் இது பதிந்துள்ளது. ஊர் அறியாத கைகளில் பிள்ளையை ஒப்படைக்கும் இந்த நம்பிக்கையை எந்தக் கழகமும் விதியாக எழுதி வைத்ததில்லை, எந்தப் பதிவேடும் எண்ணிக் குறித்ததில்லை. நினைவெழுத்து இல்லாவிடில் இப்படியொரு வழக்கம் பரவலாக இருந்தது என்பதே மறைந்து போயிருக்கும்.

அவ்வழக்கத்தின் அடிப்படை, முன்வரிசையே மிகப் பாதுகாப்பான இடம் என்னும் எண்ணம். நெருக்கடி மிகுந்தால் பிள்ளைகள் சுவரைத் தாண்டிப் புல்தரைக்கு வந்துவிடலாம். 1970களில் ரசிகர் கலவரங்களை அடக்குவதற்காகப் பல மைதானங்களில் டெரஸின் முன்புறம் உயர்ந்த இரும்பு வேலிகள் எழுப்பப்பட்டபோது, இந்த எண்ணம் தலைகீழாயிற்று. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய கோப்பை அரையிறுதியில், வேலியிட்ட அடைப்புக்குள் நேர்ந்த நெரிசலால் இறந்தோர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. அவர்களுள் மிக இளையவருக்கு வயது 10. குற்றம் ரசிகர்மேல் சுமத்தப்பட்டு, அது பொய் என்று நிறுவப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 2016இல் விசாரணை நடுவர்குழு, இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தது. குழந்தைகளை முன்னே அனுப்பிய பழைய கூட்டத்தையும், வேலிக்குள் அடைக்கப்பட வேண்டிய கூட்டத்தையும் இரு வேறு மனித இனங்களாகப் பார்த்த நிர்வாகப் பார்வை, நினைவெழுத்தைச் சற்றே படித்திருந்தால் இவ்வளவு எளிதாக நிலைபெற்றிருக்காது என்று கருத இடமுண்டு.

ஹில்ஸ்பரோ நெரிசலை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தபின், உயர்நிலைத் தொடர்களின் மைதானங்கள் 1994க்குள் முழுவதும் இருக்கைகள் கொண்டவையாக மாற வேண்டியதாயிற்று. ஒருவருக்கு ஓர் எண்ணிட்ட இருக்கை என்றானதும், பிள்ளைக்கும் முழுச் சீட்டு தேவைப்பட்டது, கட்டணமும் உயர்ந்தது, தலைக்குமேல் கைமாறிச் செல்லும் பிள்ளைகளின் காலம் முடிந்தது. ஹார்ன்பியின் ஹைபரியும் 2006 மே மாதத்தில் இறுதி ஆட்டத்தைக் கண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது. புல்தரை இருந்த இடத்தில் குடியிருப்போருக்கான தோட்டம் இருக்கிறது. தொலைக்காட்சியிலேயே ஆட்டத்தை முழுமையாக அறிந்து வரும் இக்காலப் பிள்ளைக்குப் பச்சை நிறம் புதிதன்று. கோல் விழுந்ததும் அது மறுபடி காட்டப்படாததும், என்ன நடந்தது என்று சொல்லும் வருணனையாளரின் குரல் இல்லாததும்தான் அதற்கு வியப்பு. விளங்காத நிகழ்வுகளின் தொடர் என்று ஹார்ன்பி சொன்னது இவ்வகையில் இன்றும் பொருந்துகிறது.

இந்நினைவு வகையின் பெருங்குறை, அது ஏறக்குறைய முற்றிலும் ஆண்பிள்ளைகளின் எழுத்து என்பது. இதற்கு இயல்பு காரணமன்று, ஆணை காரணம். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் மகளிர் அணி ஆடிய ஆட்டத்தை 53,000 பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, கால்பந்தாட்டம் பெண்களுக்கு ஒவ்வாதது என்று சொல்லி, தன் ஆளுகைக்குட்பட்ட மைதானங்களில் மகளிர் ஆட்டத்தைக் கால்பந்துச் சங்கம் தடைசெய்தது. 1970களின் தொடக்கம் வரை அத்தடை நீடித்தது. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சிறுமி பெண்கள் ஆடுவதைப் பெரிய மைதானத்தில் முதல் ஆட்டமாகப் பார்த்திருக்க வழியே இல்லை. இல்லாத நிகழ்ச்சிக்கு நினைவும் இல்லை. 2022 ஜூலை 31 அன்று வெம்பிளியில் இங்கிலாந்து மகளிர் அணி ஜெர்மனியை 2-1 என வென்று ஐரோப்பியப் பட்டம் பெற்றபோது திரண்ட 87,192 பேருள் சிறுமியர் மிகுதி. அவர்கள் எழுதும் நூல்கள் வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

அந்நூல்கள் எந்தச் சான்றோடு ஒப்பிடப்படும் என்பதும் மாறிவருகிறது. புரோகிராம் அச்சிடுவது கட்டாயம் என்ற விதியைக் கைவிட, இங்கிலாந்தின் கீழ்நிலைத் தொடர்களை நடத்தும் அமைப்பின் கழகங்கள் 2018 ஜூனில் வாக்களித்தன. சில கழகங்கள் அதை நிறுத்தியும்விட்டன. அதேவேளையில், அன்று பதிவேடு கண்டுகொள்ளாத கூட்டத்தை, பெற்றோரின் கைப்பேசி இன்று நிமிடத்துக்கு நிமிடம் படம்பிடிக்கிறது: வாயிலில் நுழைந்த பிள்ளையின் முகம், பக்கத்து இருக்கைக்காரர், தந்தை கத்திய கத்தல் எல்லாம் ஒலியும் ஒளியுமாகச் சேமிக்கப்படுகின்றன. ஆட்டத்தைப் பதிவேடும் கூட்டத்தை நினைவும் காத்துவந்த பழைய பங்கீடு இதனால் குலைகிறது. பச்சைத்தாள் இதழைப் படித்த பிள்ளையின் நினைவில் அச்சுச் செய்தி கலந்ததுபோல, 2022இல் ஏழு வயதில் வெம்பிளிக்குச் சென்ற சிறுமி நாற்பது ஆண்டு கழித்து எழுதும்போது, தன் தந்தையின் குரலைப் பற்றிய வரி அன்று காதில் விழுந்ததிலிருந்து பிறந்ததா, பின்னர்ப் பலமுறை ஓட்டிப் பார்த்த கைப்பேசிப் படத்திலிருந்து பிறந்ததா என்பதை அவளாலும் பிரித்துச் சொல்ல இயலாமற் போகக்கூடும்.